காரணத்தை எழுத்தில் கேட்டோம்

அந்த அம்மாவின் விரல்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகள் கட்டட வேலையில் செங்கல்லும் கலவையும் சுமந்ததில் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து, உள்ளங்கை முழுவதும் காய்ப்புக் காய்த்திருந்தது. உதவித்தொகை பெறுவோர் ஆண்டுக்கொரு முறை தாம் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய வேண்டிய நாளில், அவர் கைரேகைக் கருவியில் வலது கட்டை விரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. ஈரத் துணியில் துடைத்துவிட்டுப் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதைதான். இரண்டு மாதங்கள் கழித்துத் தொகை நின்றுபோனது. கடிதம் எதுவும் வரவில்லை. கணக்கில் பணம் ஏறாததைக் கண்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

மனு எழுதித் தருவேன் என்று யாரோ சொல்லக் கேட்டு அவர் என்னிடம் வந்தார். முதல் ஐந்து வாரங்களை நாங்கள் வீணடித்தோம். எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம். ஒரு மேசையில் "மேலிடத்திலிருந்து வரவில்லை" என்றார்கள். இன்னொரு மேசையில் "கணினியில் அப்படித்தான் காட்டுகிறது" என்றார்கள். உங்களுக்குத் தர முடியாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நேரடியான மறுப்பைவிட இது கொடியது. மறுப்பு என்று ஒன்று கையில் கிடைத்தால்தானே அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியும்?

ஆறாவது வாரம் அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுதினோம். எந்தத் தேதியிலிருந்து தொகை நிறுத்தப்பட்டது, எந்த விதியின் கீழ், என்ன காரணத்தால் என்ற மூன்று கேள்விகளைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டோம். 19 நாட்கள் கழித்து, "ஆண்டுச் சரிபார்ப்புக்கு வரவில்லை" என்ற ஒற்றை வரியும் ஒரு விதி எண்ணும் பதிலாக வந்தன. அந்த ஒரு வரி வந்த பிறகுதான் எங்களுக்குப் பிடிமானம் கிடைத்தது. ஏனென்றால் அவர் வந்திருந்தார். ஒரு முறை அல்ல, ஆறு முறை.

அதை நிரூபித்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. போன தேதி, நேரம், எந்த மேசை, என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, போக்குவரத்துச் செலவு எவ்வளவு, அன்று இழந்த கூலி எவ்வளவு என்று ஒவ்வொரு பயணத்தையும் அதில் எழுதிவைத்தோம். நான் வருவதற்கு முன் அவர் தனியாகப் போய்வந்த நாட்களையும், அன்றன்று கொடுத்த வரிசைச் சீட்டுகளைப் பார்த்து நிரப்பினோம். அந்தப் பதிலை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டின் விசாரணை நாளில், கோப்பில் "வரவில்லை" என்று இருந்த இடத்தையும் நோட்டில் சீட்டுகள் ஒட்டியிருந்த பக்கங்களையும் விசாரணை அதிகாரி அருகருகே வைத்துப் பார்த்தார். மூன்று வாரங்களில் உத்தரவு வந்தது. ஏழு மாத நிலுவையோடு தொகை திரும்பக் கிடைத்தது. அந்த ஏழு மாதங்களில் அவர் வாங்கிய கடனுக்குக் கட்டிய வட்டியை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

இடையில் நான் செய்த ஒரு தவறையும் பதிவுசெய்ய வேண்டும். அவர் ஒரு சான்றிதழை இரண்டு முறை தொலைத்தார். இரண்டாம் முறை நான் கடிந்துகொண்டேன். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னர்தான் படித்தேன். அறுவடைக்கு முன்பு பணமுடையில் இருந்தபோதும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகளை வைத்தார்கள். முடை இருந்த காலத்தில் அவர்கள் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். நாளைய சாப்பாட்டைப் பற்றிய கவலை நிறைந்த மனத்தில் பதினொரு ஆவணங்களின் வரிசை நிற்கவில்லை என்றால், அதற்கு அவரைக் குறை சொல்லக் கூடாது. பதினொரு ஆவணங்களைக் கேட்கும் நடைமுறையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

விசாரணைக்குக் காத்திருந்த அறையிலேயே அதே சிக்கலில் இன்னும் நான்கு பேரைச் சந்தித்தோம். பாத்திரம் தேய்ப்பவர், கல் உடைப்பவர் என்று எல்லோரும் கையால் உழைத்தவர்கள். ஒருவர் வழக்கை முடித்துக்கொண்டு ஒதுங்குவது சரியல்ல என்று சேர்ந்து முடிவெடுத்தோம். எங்கள் முதல் கூட்டு மனு நான்கு பக்கம்; தொகையை உயர்த்துங்கள், ஏழைகளிடம் கருணை காட்டுங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தோம். "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலோடு அது முடிந்தது. இரண்டாவது மனுவில் கருணை என்ற சொல்லையே நீக்கினோம். 23 பேரின் நோட்டுகளிலிருந்து எடுத்த தேதிகளோடு மூன்று கோரிக்கைகளை மட்டும் வைத்தோம்: நிறுத்துவதற்கு முன் எளிய மொழியில் காரணம் சொல்லும் கடிதம் வர வேண்டும், ரேகை பதியாதவர்களை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், மேல்முறையீடு முடியும்வரை தொகை தொடர வேண்டும்.

இவை நாங்களாகக் கண்டுபிடித்தவை அல்ல. 2012இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 202ஆம் பரிந்துரை, சமூகப் பாதுகாப்பு குறித்த முறையீட்டு வழிகள் எளிமையாகவும் விரைவாகவும் விண்ணப்பதாரருக்குச் செலவின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில், நலவுதவியை நிறுத்துவதற்கு முன்பே அதைப் பெறுபவரின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிறுத்திவிட்டுப் பிறகு விசாரித்தால், விசாரணை முடிவதற்குள் அவர் பட்டினி கிடக்க நேரிடும் என்பதே அதன் உட்பொருள்.

எங்கள் இரண்டாவது மனுவைக் கேட்ட குழுவில் ஒரு நேர்மையான எதிர்ப்பும் வந்தது: சரிபார்ப்பைத் தளர்த்தினால் இறந்தவர்கள் பெயரில் பணம் போகாதா? அந்தக் கேள்வியை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. இறப்புப் பதிவேட்டோடு பட்டியலை ஒப்பிட்டாலே அதைத் தடுக்கலாம்; அதற்காக உயிரோடு இருப்பவரைத் தண்டிக்க வேண்டியதில்லை என்றோம். கருவி தவறாது என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டத்தைச் சுட்டிக்காட்டினோம். நலவுதவி பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தைக் கணினி சராசரியாகப் பிரித்து, அதிகமாக உதவி வாங்கிவிட்டதாகப் பலர்மேல் இல்லாத கடனைச் சுமத்தியது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 2023இல் அரச ஆணையம் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

எங்கள் சார்பில் பேசியவர்களில் பெரும்பாலோர் உதவித்தொகை பெறுபவர்களே. வறுமையில் வாழ்பவர்களையே சக ஆய்வாளர்களாகக் கொண்டு ஆறு நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, வறுமையின் ஒன்பது பரிமாணங்களில் ஒன்றாக நிறுவனங்கள் மக்களை நடத்தும் முறையைச் சேர்த்திருந்தது. அதை என்னைவிட அந்த அம்மா தெளிவாகச் சொன்னார். இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்து, "இந்தக் கை வேலை செஞ்சதுக்கு இது சாட்சிங்கய்யா, குத்தத்துக்கு இல்ல" என்றார். குழுவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

முன்கூட்டியே கடிதம் அனுப்புவதையும், ரேகை பதியாதவர்களை நேரில் சரிபார்ப்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். மேல்முறையீட்டின்போது தொகையைத் தொடர்வதற்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்று ஒத்திவைத்தார்கள். தொகையை உயர்த்தும் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. இந்த ஆண்டுச் சரிபார்ப்பில் அந்த அம்மாவை ஓர் அலுவலர் நேரில் பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒத்திவைத்த கோரிக்கைக்கான அடுத்த மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை இணைக்க 41 நோட்டுகள் இருக்கின்றன.