கியர்பாக்ஸ் மேல பழி

நேற்று ஆட்டோகிராஸ் (கோன்கள் வைத்துப் போட்ட பாதையில் ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) போய்விட்டு வந்ததிலிருந்து அத்தானைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே குற்றவாளிதான்: கியர்பாக்ஸ். "மேனுவலா இருந்திருந்தா கதையே வேற" என்று பால்கனியில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்சக்கர இயக்கம், டர்போ, இசட்எஃப் நிறுவனத்தின் 8 ஸ்பீட் ஆட்டோமேட்டிக். அந்த செடானை வாங்குவதற்கு முன் இதே கியர்பாக்ஸின் பெருமையை அக்காவுக்கு மணிக்கணக்கில் விளக்கியவரும் இவரேதான்.

வண்டி சோதனையிலேயே ஆரம்பித்துவிட்டது. பேட்டரி ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் சோதிக்கிறவர். முன்பின் எடை சமமாக வரவேண்டும் என்று இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் பேட்டரியை டிக்கிக்குள் வைத்திருப்பார்கள். அக்காவின் டிக்கி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடை, பிள்ளைகளின் சீட், திருப்பிக் கொடுக்காத லைப்ரரி புத்தகங்கள், ஒற்றைச் செருப்பு எல்லாம் தார்த்தரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எதையும் விடாமல் வெளியே எடுத்தே ஆகவேண்டும், தரை மேட் உட்பட. திருப்பத்தில் உருண்டு வரும் ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்தது.

முதல் ரன். ஸ்டார்ட் லைனில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் கம்பீரமாக முறைத்துக்கொண்டு நிற்கிறார். இன்ஜின் அணைந்துவிட்டது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறதாம் வண்டி. ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைத்துவைத்தாலும், பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினை நிறுத்தி மறுபடி போட்டதும் அது தானாக உயிர்பெற்றுவிடும். அதனால் ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னால் அந்த பட்டனைத் தேடி அமுக்கவேண்டும். நல்லவேளை, ஆட்டோகிராஸில் புறப்படச் சொன்ன நொடிக்குக் கணக்கில்லை. வண்டி கொஞ்சம் நகர்ந்து சென்சாரின் ஒளிக்கற்றையை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடும். ஆக நேரம் போகவில்லை, மானம் மட்டும்தான்.

அத்தோடு விட்டதா? முன்மோதல் எச்சரிக்கை, தானியங்கி பிரேக், பார்க்கிங் சென்சார் என்று வண்டி நிறைய காவல்காரர்கள். எதிரே கோன் வரிசையைப் பார்த்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா? இதையெல்லாம் வரிசையில் நிற்பதற்கு முன்பே மெனுவுக்குள் போய் அணைத்துவிடவேண்டும். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் மட்டும் கொஞ்சம் வில்லங்கம். பட்டனைத் தட்டினால் பாதிதான் விலகும். சில நொடி அமுக்கிப் பிடித்தால்தான் முழுசாகப் போகும். அத்தான் தட்டினார். அது ஒன்றும் தப்பில்லை, புதிதாக வருகிறவர்கள் அந்தப் பாதி நிலையில் ஓட்டுவதே நல்லது. ஆனால் முழுசாக அணைத்ததாக நினைத்துக்கொண்டு திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தார். பின்சக்கரம் லேசாக வழுக்கியதுமே கம்ப்யூட்டர் பவரைக் குறைத்துவிட்டது. "பாரு, கியர்பாக்ஸ் இழுக்கவே மாட்டேங்குது!"

கியர்பாக்ஸ் நிஜமாகவே குற்றவாளியான இடம் ஒன்று உண்டு, அது டி மோட், அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் நிலை. கேட்காமலே உதவிக்கு வரும் பெரிய மாமாவைப் போன்றது அது. திருப்பத்துக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தீர்களா? "ஓ, மெதுவாகப் போகிறார்" என்று அதுவாகவே நாலாவது கியருக்குப் போய்விடும். திருப்பத்தின் நடுவில் பவர் கேட்டால் யோசிக்கும், பிறகு இரண்டாவதற்கு இறங்கி மொத்தத்தையும் ஒரே அடியில் பின்சக்கரத்தில் கொட்டும். ஸ்டியரிங் இன்னும் நேராகவில்லை. பின்பக்கம் முன்பக்கத்தை முந்திப்போக ஆசைப்படும். பயந்துபோய் காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்டயரின் பிடி இன்னும் குறையும், சுற்றல் நிச்சயம். அத்தான் சுற்றினார். மேனுவலாக இருந்திருந்தால் கிளட்ச்சை மிதிக்க மறந்து இன்ஜினும் நின்றிருக்கும். இது நிற்கவில்லை. அந்த நன்றி கொஞ்சமாவது வேண்டாமா?

லீவரை மேனுவல் பக்கம் தள்ளிவிட்டு இரண்டாவது கியரிலேயே ஓட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இந்த 8 ஸ்பீட் குடும்பத்தில் பரவலாக இருக்கும் கியர் விகிதங்கள் முதலாவதற்கு 4.71, இரண்டாவதற்கு 3.14, மூன்றாவதற்கு 2.11. பின் ஆக்ஸிலின் விகிதம் 3.15, டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வைத்துப் போட்டால், 7000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) முதல் கியர் 57 கிலோமீட்டர் வேகத்தில் முடிந்துவிடும், இரண்டாவது சுமார் 85 வரை தாங்கும், மூன்றாவது 125ஐத் தாண்டும். சின்ன கோர்ஸில் 85க்கு மேல் போகும் இடம் அதிகம் இருக்காது. அங்கே ஒரு நொடி லிமிட்டரில் (இன்ஜின் சுற்றின் உச்ச வரம்பில்) இடித்தாலும் பரவாயில்லை, மூன்றாவதற்குப் போய்த் திரும்புவதை விட அது லாபம். மூன்றாவதிலேயே இருந்துவிட்டு 30 கிலோமீட்டர் திருப்பத்துக்கு வந்தால் இன்ஜின் 1700க்குப் பக்கத்தில் கிடக்கும், டர்போ எழுந்து வருவதற்குள் அடுத்த கேட் (நடுவே புகுந்து போகவேண்டிய கோன் ஜோடி) வந்துவிடும்.

மூன்றாவதற்குப் போயே ஆகவேண்டுமென்றால், திரும்ப இறங்கக் கேட்கும் நேரம் முக்கியம். 95 கிலோமீட்டரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் இறக்க இருக்கும் இடது பேடிலை இழுத்தால் இன்ஜின் எல்லை தாண்டும் என்று கியர்பாக்ஸ் மறுத்துவிடும். மறுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லாது. பிரேக் பிடித்து வேகம் 80க்குக் கீழே வந்த பிறகு, ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்னால், இழுக்கவேண்டும். இன்னொன்று, ஆக்ஸிலேட்டரின் கடைசியில் 'டக்'கென்று ஒரு தடை இருக்குமே, கிக்டவுன் சுவிட்ச், சில வண்டிகளில் மேனுவல் மோடிலும் அதை மிதித்தால் கியர் இறங்கிவிடும். தடை தட்டுப்படும் வரைதான் மிதிக்கவேண்டும்.

புறப்படும்போது இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்து உறுமவைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதிப்பதுதான் மிச்சம். 1500, 1800 ஆர்பிஎம், ஓரிரு நொடி, அதற்கு மேல் வேண்டாம். சாதாரண தெரு டயரில் அதற்கு மேல் கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியென்றால் திருப்பத்தின் வெளிவாயிலிலும் அதே கதை, உள்பக்கச் சக்கரம் புகை விடும், வண்டி நகராது. ஸ்டியரிங் நேராக நேராகத்தான் கால் இறங்கவேண்டும்.

ஸ்லாலத்தை, அதாவது வரிசையாக நிற்கும் கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து போவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 2.8 மீட்டர் வீல்பேஸ் (முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள செடானில் முன்சக்கரம் கோனைத் தாண்டிவிட்டது என்பதற்காக வண்டியே தாண்டிவிட்டது என்று அர்த்தமில்லை. பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். அத்தானின் பின்சக்கரம் கோனைத் தட்ட, அது அடியில் போய்ச் சிக்கி, பினிஷ் வரை கரகரவென்று கூடவே வந்தது. "கியர்பாக்ஸ் சத்தம் போடுது" என்றார். இந்தப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க கிளப்பான எஸ்சிசிஏவின் விதிப்படி விழுந்த கோனுக்கும், தன் கட்டத்தை விட்டு முழுசாக வெளியே போன கோனுக்கும் தலா 2 வினாடி. கேட்டையே தவறவிட்டால் அந்த ரன் கணக்கில் சேராது. மற்றவர்களெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் இவர் இரண்டிரண்டாகத் தானம் செய்துகொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தானைப் பாராட்டவேண்டும், டயர் காற்று. முன்னால் 40, பின்னால் 38 பிஎஸ்ஐ வைத்து, டயரின் தோளில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தார். ரன் முடிந்ததும், பக்கச்சுவரில் இருக்கும் குட்டி முக்கோணக் குறி வரை சுண்ணம் அழிந்திருந்தால் சரி, அதைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று போதாது, குறிக்கு முன்பே நின்றுவிட்டால் அதிகம். சூட்டில் அழுத்தம் ஏறும் என்பதால் ரன்னுக்கு ரன் அளந்து ஒன்றிரண்டு இறக்கவேண்டும். அதையும் செய்தார். முன்பக்கம் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தபோது முன்டயரில் மட்டும் கை வைத்தார். கடைசி ரன்னில் கோன் எதுவும் விழவில்லை, அதிலும் இரண்டாவது கியரிலேயே இருந்தார். அந்த ரன்னைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று அவருக்கு வருத்தம்.

கிளம்பும் முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபார்த்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். நட்டுகளைப் பார்த்தாராம். காலையில் குடும்ப குரூப்பில் அக்கா: "என்ன இது, வண்டி சின்னக் குழிக்கெல்லாம் குதிக்குது. சர்வீஸுக்கு விடணுமா?"

அத்தானின் பதில் உடனே வந்தது. "கியர்பாக்ஸா இருக்கும். பார்க்கலாம்."