கூட்டத்தைக் கூட்டுவது யார்?

"யாரைக் கேட்டு இந்தக் கூட்டத்தைக் கூட்டினீர்கள்?"

நிறுமச் செயலராக (கம்பெனி செக்ரட்டரி) வேலை பார்த்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்கள் பெரும்பாலும் இயக்குநர் குழுத் தலைவர்கள். இயக்குநர் குழுக் கூட்டம் என்பது தம் விருப்பப்படி திறக்கவும் மூடவும் வேண்டிய கதவு என்று அவர்களில் பலர் மனதார நம்பினார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் முதல் அட்டவணையில் 'எஃப்' என்ற மாதிரி விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் 67ஆம் விதியின்படி, எந்த இயக்குநரும் எப்போது வேண்டுமானாலும் கூட்டத்தைக் கூட்டலாம். ஓர் இயக்குநர் கோரினால் செயலரோ மேலாளரோ கூட்டியே ஆக வேண்டும். நிறுவனத்தின் சொந்த அமைப்பு விதிகள் வேறு மாதிரி சொல்லாதவரை இதுதான் நிலை. ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் முதலில் அமைப்பு விதிகளை எடுத்து அந்தப் பத்தியைத்தான் படிப்பேன்.

நிறுமச் செயலர்கள் கழகம் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்காக வகுத்த முதலாம் செயலகத் தரநிலையும் இதையே சொல்கிறது. கூடவே, தலைவரைக் கலந்தாலோசித்துக் கூட்ட வேண்டும் என்கிறது. வம்பெல்லாம் இந்தக் 'கலந்தாலோசித்து' என்ற இடத்தில்தான் தொடங்கும்.

அண்ணன் தலைவர், தம்பி இயக்குநர் என்று நடந்த ஒரு குடும்ப நிறுவனம். வங்கிக் கடனுக்கு எந்தச் சொத்தை ஈடாகக் காட்டினார்கள் என்பது தம்பிக்குத் தெரியவில்லை. அதைப் பேச ஒரு கூட்டம் வேண்டும் என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "எழுத்தில் கொடுங்கள், எதைப் பேச வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்" என்றேன். கொடுத்தார். அதைத் தலைவரிடம் கொண்டுபோனபோது அவர் முகம் சிவந்தது.

"தலைவர் நானா, அவனா?"

"தலைமை தாங்கப்போவது நீங்கள்தான் சார். தேதியும் நேரமும் உங்களிடம் கேட்டுத்தான் வைப்பேன். கூட்டமே வேண்டாம் என்று மட்டும் நீங்கள் சொல்ல முடியாது."

அவர் மறுக்கவில்லை. தேதி சொல்லாமல் இழுத்தடித்தார். மறுப்பதைவிட அது சாமர்த்தியமான வழி. இரண்டு தேதிகளைக் குறித்து மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராவிட்டால் முதல் தேதிக்கே அறிவிப்பு போகும் என்று எழுதினேன். மூன்றாவதாக ஒரு தேதி அவரிடமிருந்தே வந்தது. அனுமதி கேட்பது வேறு, கலந்தாலோசிப்பது வேறு என்பதை அந்த மின்னஞ்சலைவிட நாசூக்காகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

செயலருக்கும் ஒரு எல்லை உண்டு. அறிவிப்பின் அடியில் 'இயக்குநர் குழுவின் ஆணைப்படி' என்று போட்டுத்தான் கையெழுத்திடுகிறோம். வங்கிக்காரர் அவசரமாகத் தீர்மான நகல் கேட்கிறார் என்பதற்காக, எந்த இயக்குநரும் சொல்லாமலே அறிவிப்பை அனுப்பிவிடும் இளம் செயலர்களைப் பார்த்திருக்கிறேன். பேனா நம்முடையது; அதிகாரம் நம்முடையதல்ல.

நாள் கணக்கில் குழப்பம் குறைவு. கம்பெனிகள் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி எல்லா இயக்குநர்களுக்கும் குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். விரைவுத் தபாலில் அனுப்பினால் தரநிலை இன்னும் 2 நாள் சேர்க்கச் சொல்கிறது. அவசர வேலைக்கு இதைவிடக் குறுகிய அறிவிப்பு போதும். ஆனால் சார்பற்ற இயக்குநர்கள் (நிறுவனத்தோடு சொந்த நலன் தொடர்பு இல்லாதவர்கள்) உள்ள நிறுவனமானால் அவர்களில் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவுகளை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பி, சார்பற்ற இயக்குநர்களில் ஒருவராவது உறுதி செய்த பிறகே அவை இறுதியாகும்.

'எல்லா இயக்குநர்களுக்கும்' என்பதில்தான் கம்பெனிகள் சறுக்குகின்றன. "அவர் எப்படியும் வரமாட்டார், எதற்கு வீண் தபால்?" என்று கேட்காத மேலாண்மை இயக்குநரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வரமாட்டார் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்தவருக்குப் போகும் அறிவிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான். பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். 1953 டிசம்பரில் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு தன் பொது மேலாளரான குப்தாவை நீக்கித் தீர்மானம் போட்டது. ஓர் இயக்குநருக்கு அறிவிப்பு போகவில்லை. அந்த ஒருவருக்காக அந்தத் தீர்மானம் செல்லாமல் போயிற்று.

இதைவிட வேடிக்கையான வழக்கு ஒன்று 1914இல் இங்கிலாந்தில் நடந்தது. அந்த நிறுவனத்தில் இரண்டே இயக்குநர்கள், பாரன், பாட்டர். பாட்டரோடு கூட்டத்தில் உட்கார பாரன் மறுத்துவந்தார். பாட்டர் லண்டன் பேடிங்டன் ரயில் நிலையத்துக்குப் போய், ரயிலைவிட்டு இறங்கிய பாரனோடு நடந்துகொண்டே, புதிய இயக்குநர்களை நியமிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார். பாரன் எதிர்த்தார். தலைவர் என்ற முறையில் தமக்குள்ள கூடுதல் வாக்கைப் போட்டு, தீர்மானம் நிறைவேறியது என்றார் பாட்டர். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவர் மனமில்லாமல் இருக்கும்போது தற்செயல் சந்திப்பை இயக்குநர் குழுக் கூட்டமாக்க முடியாது என்றது. வாட்ஸ்அப் குழுவில் 'நாளை 11 மணிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள்' என்று வரும் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடைமேடைதான் கண்முன் வரும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்று நிரந்தரமாக நாள் குறித்த நிறுவனத்திலும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அறிவிப்பு வேண்டும். பேசப்படும் விஷயத்தில் சொந்த நலன் உள்ள இயக்குநருக்கும் அனுப்ப வேண்டும். அவர் அதில் வாக்களிக்கலாமா என்பது வேறு கதை. அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் உள்ள சான்றுகளைக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது தரநிலை. நான் வைத்திருந்தது அதைவிட அதிகம்.

அறிவிப்பு அனுப்பத் தவறிய அதிகாரிக்கு 25,000 ரூபாய் அபராதம் உண்டு. அதற்கு யாரும் பயந்ததில்லை. தீர்மானம் செல்லாது என்றால் அதன்மேல் கட்டிய கடன், நியமனம், ஒப்பந்தம் எல்லாம் ஆட்டம் காணும் என்று சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். தவறு நடந்துவிட்டால் வழி இல்லாமல் இல்லை. குப்தா வழக்கிலேயே, சில நாள் கழித்து முறையாகக் கூடிய இன்னொரு கூட்டத்தில் அந்த நீக்கத்தை உறுதி செய்திருந்ததால், கடைசியில் நீக்கம் செல்லுபடியானது. ஆனால் அப்படி உறுதி செய்ய வேண்டுமானால், எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பி, முன்பு நடந்த கூட்டத்தில் இன்ன குறை இருந்தது என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்த வரியை நீக்கச் சொல்லி என்னோடு மன்றாடிய தலைவர்கள் உண்டு. நான் நீக்கவில்லை, இரண்டாவது கூட்டம் எதற்காக நடந்தது என்பதற்குக் காரணமே அந்த ஒரு வரிதான்.