கொடுவாவுக்குத் தூண்டில்: முள்ளிலிருந்து தேர்வைத் தொடங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் கண்மாயில் விரால் பிடித்துக் கை பழகியவர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கருவிகளும் அந்தப் பழக்கத்துக்கு ஏற்றவைதாம். பாசிக்கும் தாமரைக்கொடிக்கும் நடுவிலிருந்து விராலை இழுத்தெடுக்க, குட்டையான விறைப்பான ராடும் (தூண்டில் கோலும்), தடித்த தூண்டில் நரம்பும், முள் வெளியே தெரியாத ரப்பர்த் தவளையும் போதும். அதே கருவிகளை எடுத்துக்கொண்டு தொண்டிப் பக்கத்துக் கழிமுகங்களுக்குக் கொடுவா தேடிப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று தோன்றும். கொடுவா, பாலத்தூணின் நிழலிலோ அலையாத்தி வேரின் ஓரத்திலோ ஒதுங்கி நின்று, நீரோட்டம் அடித்துக்கொண்டு வரும் மடவையையும் இறாலையும் வாயை அகலத் திறந்து ஒரே உறிஞ்சில் விழுங்கும் மீன். அதற்கான கருவிகளை மீனின் வாயிலிருந்து தொடங்கி நம் கையை நோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொடுவாவுக்குச் சீலாவைப் போல நரம்பை வெட்டும் பற்கள் இல்லை. ஆனால் அதன் வாயின் உட்புறம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். செவுள் மூடியின் விளிம்போ கத்தியாக வெட்டும். மீன் துள்ளித் தலையை உதறும்போது நரம்பு இந்த இரண்டிலும் உரசுகிறது. ஆகவே பிரெய்டு எனும் பின்னல் நரம்பின் முனையில், 40 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளோரோகார்பன் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் முனை நரம்பு, ஒரு மீட்டர் நீளத்துக்குக் கட்டாயம் வேண்டும். கம்பி லீடர் வேண்டாம். அது லூரின், அதாவது செயற்கை இரையின், இயல்பான அசைவைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினாலோ, நரம்பு வெண்மையாக மங்கியிருந்தாலோ, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் முடிச்சுப் போடுங்கள்.

அடுத்தது முள். மலிவான லூர்களுடன் வரும் மும்முனை முட்கள் பெரும்பாலும் நன்னீருக்கானவை. பெரிய கொடுவா இழுத்தால் நிமிர்ந்துவிடும், உப்புநீரில் விரைவில் துருவும் பிடிக்கும். தடித்த முள்ளாக மாற்றுவது நல்லதுதான், ஆனால் எடை கூடினால் நீருக்குள் அந்தரத்தில் நிற்க வேண்டிய மின்னோ (சிறுமீன் வடிவ) லூர் மூழ்கத் தொடங்கும். அது அசையாமல் நிற்கும் அந்தக் கணத்தில்தான் கொடுவா பெரும்பாலும் பாய்கிறது என்பதால் இது சிறிய விஷயமன்று. முள்ளை மாற்றியதும், மீன் பிடிக்கப் போகும் இடத்து நீரையே ஒரு வாளியில் மொண்டு, லூரை அதில் அமிழ்த்திப் பார்ப்பேன். வீட்டுக் குழாய் நீரில் சோதித்தால் சரியாக வராது. உப்புநீர் லூரைக் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கும்.

பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைந்தது, ஏற்றவற்றமும் சிறியது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில்தான் பல நேரம் லூரை வீசுகிறோம். முன்பக்கம் நீண்ட தகடு (அலகு) வைத்த, ஆழத்தில் பாயும் லூர் அங்கே சேற்றைத்தான் உழும். ஒரு மீட்டருக்குள் நீந்தும் 9 முதல் 12 செ.மீ. மின்னோ ஒன்று, 10 கிராம் அளவில் ஈயத்தலை முள்ளில் கோத்த ரப்பர் மீன் ஒன்று, மெதுவாக இழுக்க இறால் வடிவ லூர் ஒன்று, அந்தி நேரத்துக்கு நீர்மேல் சலசலக்கும் பாப்பர் ஒன்று என்று தொடங்கினால் போதும். நிறத்துக்கு நான் அவ்வளவாக முக்கியத்துவம் தருவதில்லை. தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கிய நீருக்குப் பொன்னிறம் அல்லது கறுப்பு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீர் ஓடுகிறதா என்பதே பெரிய கேள்வி. ஓட்டம் நின்ற நீரில் எந்த நிறமும் உதவாது.

ராடும் ரீலும் கடைசியில்தான். ஏழடி நீளத்தில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான வலுவுள்ள ராடு, நரம்பைச் சுற்றிவைக்க 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு. மீன் துள்ளும்போது ராடின் நுனியைத் தாழ்த்துங்கள்.

இணையத்தில் லூர் வாங்கும்போது அட்டையில் ஸ்னூக் என்ற மீனின் படம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. புளோரிடாவின் அந்த மீனும் கழிமுகத்தில் பதுங்கி நின்று இரை பிடிப்பதுதான். வாயும் செவுளும்கூட இதே தன்மை கொண்டவை. இரண்டுமே பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுபவை. புளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் 28 முதல் 32 அங்குலம் வரையுள்ள ஸ்னூக்கை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை விட்டுவிட வேண்டும். நம் கரையிலும் பெரிய கொடுவா முட்டையிடும் பெண்ணாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், அதை நான் விட்டுவிடுகிறேன். குழம்புக்கு இரண்டு கிலோ மீனே ருசி. விடுவதற்கு வசதியாக முட்களில் கழலாமல் தடுக்கும் பின்னோக்கிய சிறு கூரைக் குறட்டால் நசுக்கி வையுங்கள். மீனைக் கீழ்த்தாடையில் பிடித்து, வயிற்றுக்கு அடியில் மறு கையைக் கொடுத்துத் தாங்குங்கள். செவுளுக்குள் விரலை விடாதீர்கள்.