கவசத்துக்குள்ள ஒரு பெட்டை

ஆண் வேசத்தில சண்டைக்குப் போற பெட்டையின்ர கதை எழுதிற பிள்ளையள் எல்லாரும் முதல் அத்தியாயத்தில தலைமயிரை வெட்டிவிடுகினம். மயிர் ஒரு பிரச்சினையே இல்லை. எங்கட கூத்து ராசாமாருக்கே தோள்வரைக்கும் முடி!

பிரச்சினை கவசம். ஐரோப்பிய முழுத் தகட்டுக் கவசம் 15 முதல் 25 கிலோ. உள்ளுக்க தடிச்சுத் தைச்ச அங்கி, அதில தகடுகளை நாடாவால முடிஞ்சு தொங்கவிடுறது. தோளையும் கையையும் தனிய முடிய ஏலாது, ஒரு எடுபிடிப் பொடியன் வேணும். அங்கி உடம்பை மறைக்கிறதால கட்டேக்க தப்பலாம். கழட்டேக்கதான் கஷ்டம்: அங்கி வேர்வையில ஊறி உடம்போட ஒட்டிக் கிடக்கும். காயம்பட்டால் அதையும் வெட்டித்தான் மருந்து கட்டோணும். அப்ப அந்தப் பொடியன் ஆர், அவனுக்கு என்ன தெரியும்? இதை முதலே முடிவெடுங்கோ.

அண்ணன்ர கவசத்தைப் போடவிடுறதும் லேசில்லை. முழங்கால் தகடு ரெண்டு விரல் கீழ இறங்கினால் கால் மடியாது. இடுப்பில இறுகாட்டிப் பாரம் முழுக்கத் தோளில.

கதை திருகோணமலையில, கோணமலையடிக் கோட்டையில நடந்தால் ஆடி மாசக் கச்சானையும் கணக்கெடுங்கோ (கடலை இல்லை, சுடுகாத்து!). இரும்பு தொட்டால் சுடும். மயங்கி விழுந்தால் முதல் கழட்டிறது தலைக்கவசம், அடுத்தது நெஞ்சுத் தகடு. உப்புக் காத்துக்கு எண்ணெய் பூசாட்டித் துரு கெதியாப் பிடிக்கும். மணலும் வினாகிரியும் போட்டுத் தேய்க்கோணும்.