காட்டுல பார்த்த வெள்ளைச் செடி, காளான் இல்லைங்க

மழை விட்டும் ஈரம் காயாத காடு, மேல மரம் அடைச்சு கீழ பொட்டு வெயில் விழல, அந்த அரையிருட்டுல சருகுக்கு நடுவுல மெழுகுல வார்த்த மாதிரி வெள்ளை வெளேர்னு ஒரு கொத்து நின்னுச்சு. கூட வந்தவன் "காளான்டா, வா போலாம்"னு நடையைக் கட்டிட்டான். சிக்னல் இல்ல, அதனால செடி பேர் சொல்ற ஆப் எல்லாம் வேலைக்காகல.

குத்தவச்சு பக்கத்துல பார்த்தா, ஒரு சாண் கூட இல்லாத தண்டு, அதுல செதில் செதிலா ஒட்டிட்டு இருக்கறதுதான் இலை, பேருக்குக் கூட பச்சை இல்ல. நுனி வளைஞ்சு தரையைப் பாத்துட்டு இருந்துச்சு. போனை சருகு மேலயே வச்சு கீழ இருந்து ஒரு போட்டோ எடுத்தேன் பாருங்க, உள்ள இதழ் இருக்கு, சுத்தி மகரந்தத் தாள் இருக்கு, நடுவுல தடியா சூல்முடி! பூ இருந்தா அது காளான் இல்ல, அவ்ளோதான்.

இதான் கோஸ்ட் பைப், மோனோட்ரோபா யூனிஃப்ளோரா. வட அமெரிக்கா, கிழக்கு ஆசியா, இமயமலைப் பக்கமெல்லாம் உண்டு, 10ல இருந்து 30 சென்டிமீட்டர் வரை வளரும், நம்ப மாட்டீங்க, ப்ளூபெரி குடும்பம்! இதோட சொந்தக்காரச் செடி ஒண்ணு மஞ்சளாவோ செவப்பாவோ வரும், அதுல ஒரே தண்டுல நிறைய பூ, இதுல தண்டுக்கு ஒண்ணுதான்.

பச்சையமே இல்லாம எப்படி உயிரோட இருக்குன்னா, முழுக்க ஓசிச் சாப்பாடு. மர வேரோட கூட்டு வச்சிருக்கற பூஞ்சைக்கு மரம் சர்க்கரை குடுக்கும், அந்தப் பூஞ்சைகிட்ட இருந்து இது உறிஞ்சிக்கும். 1960ல பியோர்க்மன்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி மரத்துக்குள்ள கதிரியக்கச் சர்க்கரையை ஏத்தி விட்டு, அது பக்கத்துல நின்ன அந்தச் சொந்தக்காரச் செடிக்குள்ள வந்துச்சான்னு பார்த்தார், வந்துருச்சு. அப்போ வெயில் எட்டாத இடத்துல இது நிக்கறதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

போனவன் திரும்பி வந்து "ஒண்ணைப் பிடுங்கி தொட்டியில வைப்போமா"ன்னான். பூஞ்சையும் மரமும் சேர்த்துப் பேத்துட்டு வந்தா வைக்கலாம்டான்னேன். கசங்கினா வேற கருத்துப் போயிரும், அதனால தொடவே விடல.

ரெண்டடி தள்ளி கருகின குச்சி மாதிரி சில தண்டு நின்னுச்சு, ஆனா தலை நிமிர்ந்து. இது காய் புடிச்சதும் பூ நேரா நிமிர்ந்துக்கும், அந்த நுனிக் காய் வெடிச்சு விதை ஏற்கெனவே போயிருந்துச்சு, எனக்கு மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் அதோட தீந்துச்சு.