சொல்லாமல் கிளம்பணும்

பெரியப்பா வீட்டுத் துக்கத்தில் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் "போயிட்டு வர்றேன் பெரியம்மா" என்று வாய் தவறிவிட்டது. பின்னால் நின்ற அத்தை முழங்கையில் ஒரு கிள்ளு வைத்தாள். இழவு வீட்டில் 'வர்றேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தமாம். சரி, அது நம்பிக்கை.

எனக்குப் பிடித்தது அடுப்பு விஷயம்தான். எடுக்கும்வரை அந்த வீட்டில் உலை வைக்கக்கூடாது. தீட்டு என்பார்கள். ஆனால் அழுது ஓய்ந்தவர்களை யார் சமைக்கச் சொல்வது? பக்கத்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் காபி வந்தது, அப்புறம் ரசஞ்சோறு. பெரியம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். கொண்டுவந்த அக்கா டம்ளரைக் கையில் திணித்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.