ஓட்ட ஆசையா? பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டைப் பாருங்கள்

சின்ன காரில் ஓட்டும் சுகத்தைத் தீர்மானிப்பது முதலில் எடைதான், குதிரைத்திறன் அப்புறம். 2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 83 குதிரைத்திறன்தான். ஆனால் வண்டி சுமார் 860 கிலோ. இரண்டாவது கியரில் 4000 ஆர்பிஎம் தாண்டவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் அந்த இன்ஜினின் குணம் தெரியும். இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்குவது பெல்ட் அல்ல, டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை.

நெடுஞ்சாலையே கதி என்றால் ஃபோக்ஸ்வாகனின் டர்போ பெட்ரோல் காரான போலோ 1.0 டிஎஸ்ஐ இன்னும் நல்ல வண்டி: 110 குதிரைத்திறன், வேகத்தில் அசையாத உறுதி. 2022-ல் தயாரிப்பு நின்றுவிட்டது, பாகங்களும் விலை. பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயின் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதானால் பெருஞ்செலவு வைக்கும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். ஸ்விஃப்ட்டிலும் மேனுவலே எடுங்கள். ஏஜிஎஸ் என்ற மாருதியின் தானியங்கி கியர், மாற்றும்போது ஒரு கணம் தயங்கும். ஓட்டும் ரசனை அங்கேயே போய்விடும்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் செயின் சத்தம் கேட்கும். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்றால் சஸ்பென்ஷன் பாகங்களான லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; இவை பெரிய செலவில்லை, பேரம் பேச உதவும். முன் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கவனம். அலைன்மென்ட்டில் சரியாகலாம், அடிபட்ட வண்டியாகவும் இருக்கலாம். பானட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்களா என்று அறிய, அதன் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்விஃப்ட்டின் நடுத்தர வகையான விஎக்ஸ்ஐயின் 165/80 ஆர்14 டயர் வளைவில் கொஞ்சம் நெளியும். அதற்கு மேல் வகையான இசட்எக்ஸ்ஐயின் 185/65 ஆர்15 போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகிவிடும். இரண்டின் விட்டமும் ஏறக்குறைய 2 மி.மீ.தான் வித்தியாசம், அதனால் ஸ்பீடோமீட்டர் தப்பு காட்டாது. அதற்கு மேல் அகலமாகப் போனால் எடை கூடும், மைலேஜ் குறையும்.

பாதுகாப்பு ஸ்விஃப்ட்டின் பலவீனம்: 2018 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். குடும்பத்தோடு அடிக்கடி நீண்ட பயணம் என்றால் செலவு கூடினாலும் போலோ பக்கம் போங்கள்.

ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கியின் ஆட்சேபணையில்லாச் சான்றும் (என்ஓசி) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.